இரவல் சளி

காஜா பெராங், மலாக்கா
18-8-1957

அன்பு மகள் கோகிலாவுக்கு,

அப்பாவின் ஆசீர்வாதம். இங்கே நானும் உன் அம்மாவும் மாரியம்மன் புண்ணியத்தில் சுகம். மதராஸில் நீயும் நடராஜன் மாமா வீட்டாரும் சுகந்தானே? நர்சுப் படிப்பில் நீ இரண்டாம் வருடம் ஏறிவிட்டாய் என்று கடிதம் வந்ததிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆறாம் வகுப்போடு தமிழ்ப் பள்ளிக்கூடத்தை விட்டு ஓடிவந்தவனுக்கு இப்படி ஒரு மகளா என்று பஸ் கம்பெனி முதலாளி, எங்கள் சீனத் தவுக்கேயே கேட்டுவிட்டார். அவள் அம்மாவைக் கொண்டு பிறந்திருக்கிறாள் என்று சொல்லித் தப்பித்தேன்.

மாதக் கடைசியில் நாடு சுதந்திரம் அடைகிறது. பஸ்ஸுக்கெல்லாம் புதுக் கொடி கட்டச் சொன்னார்கள். நான் தலைகீழாகக் கட்டி, புக்கிட் பாரு வரைக்கும் ஓட்டிக்கொண்டு போய்விட்டேன். அங்கே ஒரு போலீஸ்காரர் நிறுத்தி, "நாடு இன்னும் பிறக்கவே இல்லை, அதற்குள் கவிழ்த்துவிட்டாயே" என்று மலாயில் சொல்லிச் சிரித்தார். அவரே ஏறி நின்று நேராகக் கட்டிக்கொடுத்தார்.

உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, என் இருமலைப் பற்றி எழுதச் சொல்கிறாள். எழுதிவிட்டேன்: இருமல் இருக்கிறது. போதுமா என்றால் போதாதாம். பஸ்ஸில் ஹாரன் பழுது. நான் இருமினால் சைக்கிள்காரர்கள் தாமாக ஒதுங்குகிறார்கள். ஆகவே இருமலால் கம்பெனிக்கு லாபம்.

டீக்கடை அப்துல் பாயும் அவர் வீட்டுக்காரி நஜ்முன்னிசாவும் உன்னை விசாரித்தார்கள். பாய் கடையில் டீ முன்னைப்போலவே ஆளுயரத்துக்கு ஆற்றப்படுகிறது.

இப்படிக்கு,
அப்பா ராஜரத்தினம்


மதராஸ்
2-9-1957

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்களையும் அம்மாவையும் வணங்கி எழுதுகிறேன். நான் நலம். மாமா வீட்டில் எல்லோரும் நலம். சந்தைக்குப் போவதை நான் "பசார்" என்று சொன்னதைக் கேட்டு விடுதிப் பெண்கள் இன்னும் சிரித்து முடிக்கவில்லை.

எங்களைப் போன மாதத்திலிருந்து காசநோய்க்காரர்களின் வீடுகளுக்கு அனுப்புகிறார்கள். மாத்திரை சாப்பிட்டார்களா, வீட்டில் வேறு யாராவது இருமுகிறார்களா என்று குடிசை குடிசையாகப் போய்ப் பார்க்க வேண்டும். அதனால்தான் கேட்கிறேன். ஹாரன் கதை வேண்டாம். இருமல் எப்போது தொடங்கியது? சாயங்காலம் உடம்பு சுடுகிறதா? ராத்திரி வேர்க்கிறதா? இளைத்திருக்கிறீர்களா?

நான் இங்கே பார்க்கும் ஆட்கள் எல்லோரும் முதலில் சிரித்துப் பேசியவர்கள்தான், அப்பா.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் நெஞ்சை எக்ஸ்ரே எடுத்துவிட்டு எனக்கு எழுதுங்கள். அம்மாவுக்கும் பாய் மாமா வீட்டாருக்கும் என் அன்பு.

உங்கள் மகள்,
கோகிலா


காஜா பெராங்
6-10-1957

அன்பு மகளுக்கு ஆசீர்வாதம்.

உன் கடிதம் கிடைத்தது. இங்கே சகலரும் சுகம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன்.

சுதந்திரத்தன்று பண்டார் ஹிலிர் திடலில் கால் வைக்க இடமில்லை. உன் அம்மா பட்டுச் சேலை கட்டிக்கொண்டு வந்து, யாரோ ஒரு சீனத்துப் பிள்ளை தலையில் கையிலிருந்த துருவிய ஐஸ் கச்சாங்கைக் கொட்டிவிட்டாள். பிள்ளை அழ, இவள் தமிழில் மன்னிப்புக் கேட்க, பிள்ளையின் தாய் ஹொக்கியனில் பரவாயில்லை என்று சொல்ல, கடைசியில் மூன்று பேரும் சேர்ந்து இன்னொரு ஐஸ் சாப்பிட்டார்கள். நான் தூரத்தில் நின்றேன். கூட்டத்தில் இருமினால் ஜனங்கள் திரும்பிப் பார்க்கிறார்கள்.

நீ சொன்னபடி எக்ஸ்ரே எடுத்துவிட்டேன். படம் நன்றாக வந்திருப்பதாக டாக்டருக்கு உதவும் டிரஸ்ஸர் சொன்னார். சட்டையைக் கழற்றிப் படம் எடுத்துக்கொண்டது எனக்கு இதுதான் முதல் தடவை.

பெல்ட்டில் புதிதாக ஓர் ஓட்டை போட்டேன். பழைய தோல் நீளும் அல்லவா, அதுதான். நீ படிப்பைப் பார். வீட்டைப் பற்றிக் கவலை வேண்டாம்.

அப்பா


மதராஸ்
17-10-1957

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். தீபாவளி வாழ்த்துக்கள். நான் நலம்.

படம் நன்றாக வந்தது என்று ஸ்டூடியோக்காரன் சொல்லலாம். டாக்டர் என்ன சொன்னார்?

இத்தனை வருடம் நீளாத தோல் இப்போது மட்டும் எப்படி நீண்டது? யார் நீண்டது, யார் சுருங்கியது?

பதில் உடனே வேண்டும்.

கோகிலா


காஜா பெராங்
24-11-1957

அன்பு மகள் கோகிலாவுக்கு, உன் அம்மா பூங்காவனம் அக்கா சொல்லச் சொல்ல, நஜ்முன்னிசா எழுதுவது. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, உடம்பு நல்லபடி இருக்கிறதா என்று முதலில் கேட்கச் சொல்கிறார். இனி அக்கா பேச்சை அப்படியே எழுதுகிறேன், மாற்ற எனக்குத் தைரியம் இல்லை.

"கோகிலா, உங்கப்பா எழுதுற கடுதாசில நான் சொல்றது பாதிகூட இருக்காதுன்னு எனக்குத் தெரியும். எழுதிட்டேன் எழுதிட்டேன்னு சொல்லி ஒட்டிடுவாரு. அதான் நஜ்முகிட்ட வந்தேன். படத்துல வலது பக்க நெஞ்சில நிழல் மாதிரி விழுந்திருக்கு. டாக்டர் காட்டினாரு, நான்தான் பார்த்தேன், அவரு கண்ண மூடிக்கிட்டாரு. காலைல எந்திரிச்சதும் வர்ற சளிய போத்தல்ல பிடிச்சுக் கொண்டான்னு சொல்லி ஒரு சின்னப் போத்தல் கொடுத்தாங்க. அதை வாங்கிட்டு வந்து சாமி படத்துக்குப் பின்னால ஒளிச்சு வச்சாரு. வார்டுல போட்டுடுவாங்க, பஸ்ஸு போயிடும், கோகிலா படிப்ப விட்டுட்டு ஓடியாந்துடுவான்னு பொலம்பல். போன வாரம் என்ன ஞானம் வந்துச்சோ, சீட்டியடிச்சுக்கிட்டுப் போய்ப் போத்தலக் கொடுத்துட்டு வந்துட்டாரு. எனக்கு அந்தச் சீட்டிதான் பயமா இருக்கு.

இன்னொண்ணு. இருவத்து மூணு வருஷத்துல ஒரு துணிய நனைச்சு அறியாத மனுசன், இப்ப தன் கைக்குட்டைய தானே தொவைக்கிறாரு. நான் கேட்டா கொடுக்கறதில்ல."

கோகிலா, இது நான் சொல்வது. உன் அப்பாவும் என் வீட்டுக்காரரும் ஒரு வாரமாக ஒருவரை ஒருவர் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொள்கிறார்கள். என்ன என்று கேட்டால் இரண்டு பேரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். சந்தோஷமாகத்தான் இருக்கிறார்கள். கவலைப்படாதே.

நஜ்மு மாமி


மதராஸ்
5-12-1957

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். அம்மாவின் கடிதம் கிடைத்தது. அவர் மேல் கோபப்படாதீர்கள்.

கைக்குட்டையில் இரத்தமா, அப்பா?

நீங்கள் எதற்குப் பயப்படுகிறீர்கள் என்று தெரியும். உங்கள் காலத்தில் இந்த நோய் வந்தால் தனியாகக் கொண்டுபோய்ப் போடுவார்கள், ஆள் திரும்பமாட்டான். இப்போது அப்படியில்லை. நான் போகும் வீடுகளில் ரிக்ஷாக்காரர் இருக்கிறார், மாவு மில்லில் வேலை செய்பவர் இருக்கிறார். சொந்தக் குடிசையில், சொந்தப் பாயில் படுத்துக்கொண்டு, ஊசியும் மாத்திரையுமாகத் தேறி வருகிறார்கள். ஒன்றரை வருடம் விடாமல் சாப்பிட வேண்டும். அவ்வளவுதான். அந்த "அவ்வளவுதான்" கஷ்டம், ஆனால் முடிகிற கஷ்டம்.

பணக்காரர் நோய்க்கு மட்டும் மருந்து இருந்த காலம் ஒன்று இருந்தது. இது ஏழைக்கும் எட்டுகிற மருந்து. எட்டுகிற தூரத்தில் இருப்பதை எட்டி வாங்காமல் இருந்தால் என்ன செய்வது?

உண்மை முழுவதையும் எழுதுங்கள். எழுதாவிட்டால் அடுத்த கப்பலில் ஏறிவிடுவேன். அப்போது நீங்கள் பயந்தது நடந்துவிடும், நீங்கள் பயந்ததாலேயே.

கோகிலா


காஜா பெராங்
22-12-1957

அன்பு மகளுக்கு,

ஆசீர்வாதம். இந்தக் கடிதத்தில் சுகத்தை விசாரிக்க எனக்கு முகமில்லை. கப்பல் ஏறிவிடாதே. எல்லாவற்றையும் எழுதுகிறேன். படித்தபின் இவன் என் அப்பா இல்லை என்று நீ சொன்னால் உன் அம்மாவும் அதையேதான் சொல்வாள்.

போத்தலைக் கொடுத்தேன் அல்லவா? போத்தலில் ஒட்டியிருந்த பெயர் என்னுடையது. உள்ளே இருந்தது என்னுடையது இல்லை. அப்துல் பாயுடையது.

எப்படிக் கேட்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். பாய் கடை இருக்கும் ஜாலான் துக்காங் எமாஸ் தெரு முழுவதும் தேடினாலும் பாய் மாதிரித் திடகாத்திரமான ஆள் கிடையாது. கோதுமை மாவு மூட்டையைத் தோளுக்கு ஒன்றாகத் தூக்குகிறவர். கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்துப் போனேன்.

"பாய், ஓர் உதவி வேணும்."

"கேளுங்கண்ணே. பால் டின்னா, சீனியா?"

"சளி."

ஆற்றிக்கொண்டிருந்த டீ அந்தரத்தில் நின்றது. விஷயத்தைச் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"இந்தக் கடையில எல்லாத்தையும் இரவல் கொடுத்திருக்கேன். இதைக் கேட்ட முத ஆளு நீங்கதான்."

"உமக்குச் சளி வருமா பாய்?"

"விடியக்காலம் கரியடுப்புப் புகைக்குக் கொஞ்சம் வரும். அது எப்பவும் வர்றதுதானே."

அதுதான். அந்த "எப்பவும் வர்றது" என் காதில் விழுந்தது. புத்தியில் விழவில்லை.

போன வாரம் டாக்டர் கூப்பிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர், மெதுவாகப் பேசுவார். "ராஜரத்தினம், சளியில் கிருமி நிறைய இருக்கிறது" என்றார். கோகிலா, நான் முதலில் சிரித்துவிட்டேன். அப்புறந்தான் யாருடைய சளி என்ற நினைப்பு வந்தது. அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். தலையை ஆட்டிவிட்டேன். டாக்டர் வார்டு என்ற பேச்சை எடுக்காமல் அன்றே எனக்கு ஊசி போட்டார். ஒரு பை நிறைய மாத்திரையும் கொடுத்தார். பாயின் நோய்க்கு நான் ஊசி குத்திக்கொண்டு வந்தேன்.

இன்னும் பாயிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? அவர் டீக்கடைக்காரர். இந்த நோய் என்று ஒரு வார்த்தை வெளியே போனால் கடையில் ஈ கூட உட்காராது. சொல்லாமலே காப்பாற்றிவிடலாம் என்று எனக்கு ஒரு யோசனை வந்தது. மாத்திரையை அவருக்குத் தெரியாமல் அவர் குடிக்கும் டீயிலேயே போட்டேன். சனியன், கரையவே இல்லை. ஒரு வாய் குடித்துவிட்டு, "அண்ணே, பால் டின்னு கெட்டுப்போச்சு போல" என்று ஒரு பெட்டிப் பாலையும் கடைக்காரனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

உடம்புக்கு நல்லது, பலத்துக்கு மாத்திரை என்று சொல்லிக் கொடுக்கலாமா? பாதி அவருக்கு, பாதி எனக்கு? நீ படித்தவள், வழி சொல்.

அப்பா


மதராஸ்
30-12-1957

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நீங்கள்தான் என் அப்பா, சந்தேகமே இல்லை. வேறு யாருக்கும் இது தோன்றியிருக்காது.

டீயில் போடாதீர்கள். பாதி பாதி பிரிக்காதீர்கள். அரை மருந்து தின்றால் கிருமி சாகாது, பழகிக்கொள்ளும். அப்புறம் முழு மருந்துக்கும் மசியாது.

இந்தக் கடிதம் கையில் கிடைத்த அன்றே பாய் மாமாவிடம் சொல்லுங்கள். இரண்டு பேரும் ஒன்றாக டாக்டரிடம் போங்கள். அம்மா, நஜ்மு மாமி, மாமியின் பிள்ளைகள் இரண்டு பேர், எல்லோருக்கும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். உங்கள் சொந்தச் சளியைக் கொடுங்கள்.

கடையைப் பற்றி யோசிக்கிறீர்கள். மாமா இல்லாமல் கடை எதற்கு?

நான் இப்போதைக்குக் கப்பல் ஏறவில்லை.

கோகிலா


காஜா பெராங்
19-1-1958

அன்பு மகளுக்கு ஆசீர்வாதம்.

நீ அங்கே சுகமாக இருப்பதே இங்கே எங்களுக்குப் பாதி மருந்து. மீதிப் பாதியைப் பற்றி எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த அன்று மத்தியானம், பள்ளிவாசல் தொழுகை முடிந்து கடை ஓய்ந்திருந்த நேரம் போனேன்.

"பாய், கொஞ்சம் உக்காரும்."

"நான் உக்காந்தா டீ யாரு போடறது?"

"டீ கிடக்கட்டும். அந்தப் போத்தல் இருக்கே…"

"பாஸா?"

"பெயில்."

"அட! டாக்டரு கண்டுபிடிச்சுட்டாரா?"

"போத்தல்ல கிருமி இருக்காம், பாய்."

"ஐயோ, உங்களுக்கா அண்ணே?" என்று என் கையைப் பிடித்தார். பிடித்தவர் அப்படியே நின்றார். என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் கையை விட்டார். ஆற்றுகிற குவளை இன்னொரு கையில் இருந்தது. அதை ஏதோ புதுச் சாமான் மாதிரி பார்த்தார். மேசை மேல் வைத்தார்.

நான் திட்டு வாங்கத் தயாராகத்தான் போயிருந்தேன். அவர் கேட்டது வேறு.

"காலைலேர்ந்து இந்தக் கையால எத்தனை பேருக்குக் கொடுத்திருப்பேன்? சின்னவளுக்கு ரொட்டி பிச்சு ஊட்டினேனே."

அடுப்பில் பொங்கிக்கொண்டிருந்த தண்ணீரை நானே இறக்கி வைத்தேன். உனக்குத் தெரியும், அது அடிக்கடி நடப்பதில்லை.

பாய் அதைப் பார்த்துக்கொண்டே, "நஜ்முகிட்ட யாரு சொல்றது?" என்றார்.

"நான் சொல்றேன்."

"வேணாம். நீங்க சொன்னா ரெண்டு பேரையும் கரண்டியால அடிப்பா. நானே சொல்றேன், ஒருத்தனோட போகட்டும்."

நஜ்முன்னிசா அடிக்கவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "எந்திரிங்க, ஆஸ்பத்திரிக்கு" என்றாள். கடைப் பலகையை அவளே சாத்தினாள். உன் அம்மா முன்னே, அவள் பின்னே, நடுவில் நாங்கள் இரண்டு பேர், பிள்ளைகள் இரண்டு. கோயிலையும் பள்ளிவாசலையும் தாண்டி நாங்கள் போனதைப் பார்த்தவர்கள், பெண் பார்க்கப் போகிறோம் என்று நினைத்திருப்பார்கள்.

டாக்டர் முழுக் கதையையும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு என்னையே பார்த்தார்.

"நீர் செய்த ஏமாற்று வேலையால் இந்த மனுஷனின் நோய் தெரியவந்தது. அதற்காக உம்மை மெச்ச மாட்டேன். உம்முடைய சளி எங்கே?"

டிரஸ்ஸர் எங்களுக்கு ஆளுக்கொரு போத்தல் கொடுத்தார். எங்களை ஆஸ்பத்திரி முற்றத்தில் இரண்டு மூலையில் நிறுத்தி, நடுவில் கை கட்டி நின்றுகொண்டு, "இப்போது இருமுங்கள்" என்றார். வரிசையில் நின்ற சனம் முழுவதும் வேடிக்கை பார்த்தது. எனக்கு வரவே இல்லை. தினமும் ஊரையே எழுப்பும் இருமல், கேட்கும்போது ஒளிந்துகொண்டது. பாய் அந்த மூலையிலிருந்து, "என்னுது மிச்சம் இருக்குண்ணே, வேணுமா?" என்று கத்தினார். அதற்குச் சிரித்ததில் வந்துவிட்டது.

உன் அம்மா, நஜ்முன்னிசா, பிள்ளைகள், எல்லோருடைய படமும் சுத்தம். பாய்க்கு ஊசியும் மாத்திரையும் தொடங்கிவிட்டார்கள். கொஞ்ச நாளைக்குக் கடைக்குப் போகக்கூடாது, வீட்டில் தனி அறை, ஜன்னல் திறந்திருக்க வேண்டும். கடையை நஜ்முன்னிசா பார்த்துக்கொள்கிறாள். வருகிற ஆட்கள் குறைவுதான்.

என் போத்தலின் முடிவும் நேற்று வந்தது. அதிலும் இருக்கிறது. இரவல் வாங்கியிருக்கவே வேண்டாம், கோகிலா. கையிலேயே சொந்தமாக இருந்திருக்கிறது.

தவுக்கேயிடம் நானே போய்ச் சொன்னேன். வேலையை விட்டு நிறுத்துவார் என்று தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டேன். அவர் தன் தம்பியை இந்த நோயில் பறிகொடுத்தவராம், எனக்கு இத்தனை வருடம் தெரியாது. "தேறும் வரை வீட்டில் இரு. அப்புறம் ஷெட்டில் காற்றோட்டமாக ஏதாவது வேலை பார். டாக்டர் சரி என்றதும் பஸ்" என்றார். 

ஆகவே நீ அங்கேயே இரு. படி.

அப்பா


மதராஸ்
8-2-1958

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். இரண்டு தடவை சிரித்தேன், மற்ற இரண்டைச் சொல்ல மாட்டேன்.

இனிமேல்தான் கவனம் வேண்டும். மூன்று நாலு மாதத்தில் உடம்பு தேறும். இருமல் நிற்கும், பசி எடுக்கும், பெல்ட் ஓட்டை பின்னுக்குப் போகும். அப்போது மாத்திரை எதற்கு என்று தோன்றும். வயிற்றை வேறு புரட்டும்.

என் பார்வையில் சிவகாமசுந்தரி என்று ஒரு பெண் இருந்தாள். பூக்கட்டுகிறவள். நாலாம் மாதம் நன்றாகத் தேறிவிட்டாள். மாத்திரை சாப்பிட்டாயா என்று நான் கேட்கும்போதெல்லாம் சாப்பிட்டேன் அக்கா என்று சிரித்துக்கொண்டே சொல்லி, ஒரு முழம் பூவும் கொடுப்பாள். நான் பூவை வைத்துக்கொண்டு வந்துவிடுவேன். போன வாரம் அவளைச் சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அரிசிப் பானைக்குள் இரண்டு மாத மாத்திரை அப்படியே இருந்தது.

கேட்பது போதாது என்று அன்றைக்குக் கற்றுக்கொண்டேன். உங்களிடமும் நான் கடிதத்தில் கேட்கத்தான் முடியும்.

கோகிலா


காஜா பெராங்
27-4-1958

அன்பு மகளுக்கு ஆசீர்வாதம்.

நாங்கள் சுகம். இந்தத் தடவை நிஜமாகவே. நோன்புப் பெருநாள் முடிந்து, பாய் வீட்டு ரெண்டாங் கறியும் கோழியும் தின்ற தெம்பில் எழுதுகிறேன். பதில் தாமதமானதற்கு ஒரு சண்டை காரணம்.

மார்ச் மாதமே பாய் கடைக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார், கிருமி மற்றவர்களுக்குத் தொற்றாதாம். ஒரு நாள் உன் அம்மாவுக்கு டீ வாங்கிப் போகலாம் என்று போனேன். கட்டிக்கொடுப்பதற்குக் காலிப் பால் டின்களைக் கயிறு கோத்துத் தொங்கவிட்டிருப்பாரே, அதில் ஒன்றை எடுத்தேன். கிலுகிலுத்தது. உள்ளே மாத்திரை.

"இது என்ன பாய்?"

"வயித்தைப் பொரட்டுதுண்ணே. நோன்பு வேற. உடம்புதான் தேறிடுச்சே, மூட்டை தூக்குறேனே."

எனக்கு வந்ததே கோபம்! உன் பூக்காரப் பெண்ணின் கதையைச் சொன்னேன். நஜ்முன்னிசாவையும் பிள்ளைகளையும் காட்டினேன். நல்ல பிரசங்கம், கோகிலா, நீ கேட்டிருக்க வேண்டும். முடிந்ததும் பாய் அமைதியாகக் கையை நீட்டினார்.

"உங்க சட்டைப் பையைக் காட்டுங்க."

காட்ட வேண்டியதாகிவிட்டது. காலையில் விழுங்குவதாக உன் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் பையில் போட்ட மாத்திரை எல்லாம் அங்கே இருந்தது.

இரண்டு திருடர்கள் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். அப்புறம் பாய் சொன்னார்: "அண்ணே, உங்க வார்த்தையை நான் நம்பப்போறதில்ல. என் வார்த்தையை நீங்க நம்பாதீங்க. வாயை மட்டும் நம்புவோம்."

அன்றிலிருந்து இதுதான் வழக்கம். நான் அவர் கண் முன்னால் விழுங்குவேன். வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டுவேன். அவர் குனிந்து இரண்டு பக்கமும் பார்ப்பார். பிறகு என் முறை. நோன்பு நாட்களில், நோயாளி பிறகு நோற்கலாம் என்று பள்ளிவாசல் லெபையே சொல்லியும் பாய் கேட்கவில்லை. டாக்டரிடம் கேட்டு வேளையை மாற்றிக்கொண்டோம். சூரியன் மறைந்து பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழம், கஞ்சி, மாத்திரை, நாக்கு. நோன்பு பிடிக்காத நானும் கஞ்சிக்காக ஒரு நாள்கூடத் தவறவில்லை. விடியுமுன் சாப்பிடும் சஹர் வேளைக்கு நஜ்முன்னிசா காவல். அவள் விளக்கைக் கிட்டப் பிடித்துப் பார்ப்பாளாம், பாய்க்கு மீசை கருகுகிறதாம்.

முதலில் கடைக்கு வருகிறவர்கள் முகம் சுளித்தார்கள். பக்கத்துத் தெரு ஆட்கள் சிலர் எதிர்க்கடைக்குப் போனார்கள். பாய் ஒளிக்கவில்லை. "ஆமா, எனக்கு இருந்துச்சு. மருந்து சாப்பிடுறேன், டாக்டர் கடைக்குப் போகச் சொல்லிட்டாரு. இருமுறவங்க யாராச்சும் இருந்தா உங்களுக்கும் வழி சொல்றேன்" என்று டீ ஆற்றிக்கொண்டே சொல்லிவிட்டார். அவர் போட்ட டீயை எல்லோரும் பார்க்க முதலில் குடிப்பது என் உத்தியோகம். கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வருகிறார்கள். எங்கள் பஸ் கண்டக்டர் தியாகு ஒரு வாரம் எங்களை வேடிக்கை பார்த்துச் சிரித்தான். எட்டாம் நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணே, எனக்கும் ரெண்டு மாசமா இருமலு. அந்த முற்றத்துல நின்னு இருமுனீங்களே, அது எங்கே?" என்று கேட்டான். நேற்று முதல் மேசையில் மூன்று வாய் திறக்கிறது.

நீ கடிதத்தில் கேட்கத்தான் முடியும் என்று எழுதினாய். இங்கே பார்க்க ஆள் இருக்கிறது. நிம்மதியாகப் படி.

அப்பா


காஜா பெராங்
14-6-1959

அன்பு மகள் நர்ஸ் கோகிலாவுக்கு,

அப்பா, அம்மா, பாய், நஜ்மு மாமி, எல்லோருடைய ஆசீர்வாதமும். பரீட்சையில் தேறிய சேதி கிடைத்தது. தவுக்கே ஷெட்டில் பட்டாசு கொளுத்தச் சொன்னார். எங்கள் வாய் பார்க்கும் வழக்கத்தைக் கேட்டு உங்கள் ஆஸ்பத்திரி டாக்டரம்மா முதலில் சிரித்ததாகவும், பிறகு சிரிக்காமல் உட்கார்ந்து எழுதிக்கொண்டதாகவும் சொல்லியிருந்தாய். அதைப் பாயிடம் படித்துக் காட்டினேன். அன்றிலிருந்து மனுஷன் காலை டீக்கு முன்னால் பல்லைப் பளபளவென்று விளக்கிக்கொண்டு வருகிறார்.

போன மாதம் கடைசிச் சளி கொடுத்தோம். டிரஸ்ஸர் எங்களை இன்னும் நம்புவதில்லை. அதே முற்றம், அதே இரண்டு மூலை. அரை மணி நேரம் முக்கியும் இரண்டு பேருக்கும் ஒன்றும் வரவில்லை. அவரே அலுத்துப்போய், "வராததே நல்ல செய்திதான், இருந்தாலும் விடமாட்டேன்" என்று எங்களைச் சுடுதண்ணீர் ஆவி பிடிக்க வைத்து வாங்கினார். இரண்டு போத்தலையும் தூக்கிப் பிடித்து, "இது யாருடையது?" என்றார்.

"என்னுடையதுதான் ஐயா" என்றேன். "சுத்தமான சொந்தச் சரக்கு."

வியாழக்கிழமை முடிவு வந்தது. இரண்டு போத்தலிலும் இல்லை. படத்தில் அந்த நிழல் இருந்த இடத்தில் ஒரு சின்னத் தழும்பு மட்டும். டாக்டர் எனக்குக் கை கொடுத்தார். கொடுத்துவிட்டு, "உம்மை இன்னும் மெச்சவில்லை" என்றார். தியாகுவுக்கு இன்னும் நாலு மாதம் இருக்கிறது. ஆகவே நாங்கள் இரண்டு பேரும் விழுங்க ஒன்றுமில்லாவிட்டாலும் தினமும் அவன் வாயைப் பார்க்கப் போகிறோம்.

திங்கட்கிழமையிலிருந்து பஸ் என் கையில். ஹாரனைப் பழுது பார்த்துவிட்டார்கள். நல்லதாகப் போயிற்று, இப்போது அதை விட்டால் எனக்கு வேறு வழியில்லை.

நீ பினாங்கில் இறங்கும் நாளை எழுது. நானும் பாயும் வருகிறோம். உன்னைத் துறைமுகத்தில் கண்டதும் எங்கள் இரண்டு பேர் வாயும் தானாகத் திறந்து நாக்குத் தூக்கினால் பயந்துவிடாதே, பழக்கம்.

வழி பார்த்திருக்கும்,
அப்பா ராஜரத்தினம்

இதைச் சொல்லாமல் ஒட்டிவிட்டால் உன் அம்மா மறுபடி நஜ்முன்னிசாவிடம் போவாள். இரத்தமா என்று நீ கேட்டதற்கு நான் இதுவரை பதில் எழுதவில்லை. என் கைக்குட்டைகளை இப்போது உன் அம்மாதான் துவைக்கிறாள்.